குத்தூசி போகாத மூட்டைகள்

மக்காச்சோளத்தை ஒரு கடி கடித்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். மீட்டர் அப்புறம் வந்து ஆமாம் போடும். இருபது வருடமாகத் தானிய மண்டியில் மாதிரி எடுப்பவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் சம்பளம் எதற்கு, சொல்லுங்கள் ஐயா.

போன வருடம் உண்மையைத்தான் எழுதினேன். ஒரே ஒருவர் சரக்கில் பூஞ்சை விஷம். வாங்க வந்த லாரிகள் வந்த வழியே திரும்பின. மதியத்துக்குள் விலை பாதியானது. சுத்தமான சோளம் வைத்திருந்தவர்களும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அக்கா வீட்டில் கடனுக்கு டிராக்டர் போயிற்று. எல்லோரும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் என்ன செய்ய முடியும்?

இந்த வருடம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பாதிச் சரக்கில் பச்சைப் பூஞ்சை. அக்கா வீட்டுக்காரர் கொண்டுவந்ததிலும்தான். மாதிரி எடுக்கும் குத்தூசியை எந்த மூட்டையில் செருகுவது என்பது என் இஷ்டம். நல்ல மூட்டைகளாகப் பார்த்துச் செருகினேன். விலை நின்றது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

என் வீட்டில் மட்டும் சோள மாவு வேண்டாம் என்றேன். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவியிடம் காரணம் சொன்னேன்.

அக்கா மண்டி வாசலில் பிடித்துக்கொண்டாள். "தம்பி, வீட்டுக்குன்னு ரெண்டு மூட்டை எடுத்து வெச்சிருக்கேன். மேல லேசா பச்சையா இருக்கு. அலசிக் காய வெச்சா போதும்ல?"

அலசினால் பச்சை போகும், விஷம் போகாது. வேண்டாம் என்றால் ஏன் என்பாள். அவள் வாயில் எதுவும் நிற்காது. லாரிகள் இன்னும் பாதிகூட ஏற்றவில்லை.

"போதும்க்கா," என்றேன்.

ஐந்தாம் வாரம் அவள் மகளுக்குக் கண் மஞ்சளானது. ஏழு வயது. என்னை 'ஊசி மாமா' என்றுதான் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்த கட்டில்களில் அதே மஞ்சள் கண்கள். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார்.

"எங்க சோளம்தான் டாக்டர். என் தம்பி பாத்து நல்லாயிருக்குன்னு சொன்னது," என்றாள் அக்கா.

டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். சீசனின் கடைசி ஏலம் முடிய இரண்டு நாள் பாக்கி. முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்படியானால் பழகின கஞ்சியையே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

இரண்டு நாளும் அக்கா அந்த மாவில்தான் கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். தூக்கமில்லாமல் அவளுக்குக் கண் சொருகியது. பாவம், என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கிண்ணத்தை நான் பிடித்துக்கொண்டேன்.