ஒரே கிண்ணம், இரண்டு முகங்கள்

பேசுகிறவனைப் புன்னகையாலும், பேச்சு நீண்டால் கைக்கடிகாரத்தாலும் ஆளுகின்ற எங்கள் அவைத் தலைவர் யுவனேஸ்வரன் அவர்களே! செவன் கிங்ஸிலிருந்து இரண்டு ரயில் மாறி, லண்டன் மழையில் நனைந்து, குடையை மடித்துக்கொண்டு முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை வகுப்பில் விட்டு, அடுப்பை அணைத்து, அலுப்பை மறைத்து இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே! இன்று நாங்கள் வெளியிடுகின்ற நூலை ஜெர்மன் மொழியிலிருந்து நேரே தமிழுக்குக் கொண்டுவந்து, என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தவநாயகி அக்கா அவர்களே! உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

வாழ்த்துரை என்றுதான் அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். வாழ்த்த வந்த நாக்கு வறண்டுபோய் நிற்கிறது. இந்த நூலை வாசித்த நாளிலிருந்து எனக்கு ஒரு திகைப்பு. உண்ணும்போதும் திகைப்பு, உறங்கப் போகும்போதும் திகைப்பு. அந்தத் திகைப்பைத்தான் இன்று உங்கள் முன் இறக்கி வைக்கப் போகிறேன்.

இந்த நூலை ஜெர்மன் மொழியில் எழுதியவர் லோதர் கிறாம்பெக். யார் இந்த லோதர்? ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் அச்சகம் வைத்திருந்தவரின் மகன். ஈய எழுத்துகளோடு விளையாடி வளர்ந்த பிள்ளை. இரண்டாம் உலகப் போரில், பத்தொன்பது வயதில் ஜெர்மன் படைச் சீருடை மாட்டி, துப்பாக்கி கொடுத்து, கிழக்கே பெலாரூஸ் நாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அவன் நன்றாக எழுதுவான் என்று கண்டுகொண்ட ஓர் அதிகாரி, படைவீரர்களுக்கென்று அச்சடித்த பத்திரிகைக்கு எழுதச் சொன்னார். பகலில் படைவீரன், ஓய்வில் எழுத்தாளன். ஒரு தோளில் துப்பாக்கி, மறு தோளில் பை, பைக்குள் பேனா.

ஒரு மாரிகாலம். காய்ச்சலோடு தன் அணியிலிருந்து பின்தங்கிய லோதர், ஒரு கிராமத்தில் நீலக் கதவு போட்ட வீட்டைத் தட்டுகிறான். திறந்தவள் அன்னா. பகைவன் என்று பார்த்தாளா? பாதையிலே போ என்றாளா? இல்லை. பாண் ரொட்டியும் சூடான பாலும் கொடுத்தாள். அடுப்படியில் படுக்க இடம் கொடுத்தாள். அங்கே இரண்டு சிறுமிகள். ஒருத்தி அவள் பெற்ற மகள், பொன்னிறக் கூந்தல். மற்றவள் கருங்கூந்தல். அவள் யூதப் பிள்ளை என்பது லோதருக்கு விளங்கிவிட்டது. பக்கத்து நகரத்து யூதர்களையெல்லாம் அவனுடைய படைதான் குழி வெட்டிச் சுட்டிருந்தது. தப்பி வந்த ஒரு தளிர் அங்கே ஒளிந்திருந்தது.

லோதர் என்ன செய்தான்? அணியோடு போய்ச் சேர்ந்தபோது கப்டன் விசாரித்தார். அந்த ஊரில் பார்க்கத்தக்கது எதுவும் இல்லை என்று லோதர் பொய் சொன்னான். அந்தப் பொய் பிடிபட்டிருந்தால் அவனைச் சுட்டிருப்பார்கள். தெரிந்துதான் சொன்னான்.

ஆனால், சபையோரே, மனம் நிறைந்துபோன அந்த இளைஞனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஊரின் பெயரை எழுதவில்லை, தாயின் பெயரை எழுதவில்லை. அந்தப் படைவீரர் பத்திரிகைக்கு ஒரு சிறு கட்டுரை மட்டும் எழுதினான். தவநாயகி அக்காவின் தமிழில் அதன் கடைசி வரிகளைக் கேளுங்கள்:

"நீலக் கதவுக்கும் இரண்டு பேரி மரங்களுக்கும் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள். அவளுடைய ஒரு பிள்ளை கோதுமை, மறுபிள்ளை இரவு. ஒன்றின் சாயல் மற்றதில் இல்லை. ஆனாலும் ஒரே கிண்ணத்திலிருந்து இரண்டு முகங்களுக்கும் ஊட்டுகிறாள். போர் அவள் வாசலில் வெட்கப்பட்டு நிற்கிறது."

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஜெர்மனியிலும் தட்டினார்கள். போர் முடிந்தபின் லோதர் நாவல்கள் எழுதினார், பரிசுகள் வாங்கினார். ஆனால் எந்த மேடையில் ஏறினாலும் அவரிடம் எல்லோரும் கேட்டு வாங்கியது இந்தக் கட்டுரையைத்தான். அந்தப் படைச் சீருடைக்குள்ளும் மனிதம் இருந்தது என்பதற்கு இதைச் சாட்சியாகக் காட்டினார்கள். பள்ளிக்கூடப் பாடமாகக்கூட வைத்தார்கள்.

பின்னுக்கு இருக்கிற தம்பி ஒருவர் "நல்ல மனுசன்தானே அண்ணை" என்கிறார். ஓம் தம்பி. நல்ல மனுசன்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கோ.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர், எண்பது கடந்த லோதர் லண்டனுக்கு வந்தார். நகரின் நடுவில் ஒரு புத்தகசாலையின் மேல்மாடியில் கூட்டம். தவநாயகி அக்கா அங்கே போயிருந்தார். அகதியாக முதலில் ஜெர்மனியின் ஸ்ருட்கார்ட்டில் இறங்கி, உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே ஜெர்மன் மொழியைக் கற்றவர் அவர். இந்தக் கட்டுரையை ஏற்கெனவே தமிழாக்கி வைத்திருந்தார். "கோதுமை, இரவு" என்ற அந்த வரியை மட்டும் பலதடவை செதுக்கினாராம். எழுத்தாளரிடம் நேரே அனுமதி வாங்கலாம் என்று ஆசையோடு போய் மூன்றாம் வரிசையில் இருந்தார்.

லோதர் வாசித்து முடித்தார். கரவொலி எழுந்தது. கேள்விகள் உண்டா என்று கேட்டார்கள். முன்வரிசையில் இருந்து ஒரு பெண்மணி எழுந்தார். அறுபது கடந்தவர், சாம்பல் நிறக் கோட்டு. குரலை உயர்த்தவில்லை. தவநாயகி அக்கா அந்தச் சொற்களை எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

"நான் லுத்மிலா. நீங்கள் எழுதின கோதுமைப் பிள்ளை நான்தான். அந்தப் பேப்பர் வந்து கொஞ்ச நாளிலை உங்கடை ஆக்கள் எங்கடை வீட்டுக்கு வந்தவை. அதிகாரியின்ரை கையிலை பேப்பர் இருந்தது. ஊர்ச்சனம் எல்லாரையும் கூப்பிட்டு, நீங்கள் இப்ப வாசிச்ச அதே வரியை வாசிச்சான். பக்கத்திலை நிண்டவன் எங்கடை பாஷையிலை மாத்திச் சொன்னான். பிறகு அதிகாரி, இரவு எங்கை எண்டு கேட்டான்."

லுத்மிலா மிச்சத்தையும் சொன்னார். அவர் அப்போது அயல்வீட்டில் இருந்தாராம். அயல்வீட்டுப் பெண் தன் பாவாடைக்குள் அவரை மறைத்து, தன் பிள்ளை என்று சொன்னாளாம். அன்னாவையும் கருங்கூந்தல் சிறுமியையும் அந்தப் பேரி மரங்களுக்கு அடியில் நிறுத்திச் சுட்டார்களாம்.

எந்த வரி கொன்றது? சற்றுமுன் நாங்கள் கைதட்டினோமே, அந்த வரி. எந்தக் கதவு காட்டிக்கொடுத்தது? நாங்கள் ரசித்தோமே, அந்த நீலக் கதவு. ஊர்ப்பெயர் இல்லாமலே ஊரைக் கண்டுபிடித்தார்கள். அணி போன பாதை அவர்களுக்குத் தெரியாதா? வெறுத்து எழுதியிருந்தால் விளங்கிக்கொள்வோம். விலைக்கு எழுதியிருந்தால் வசைபாடுவோம். நன்றி சொல்லி எழுதினானே. நெஞ்சு நெகிழ்ந்து எழுதினானே. அறுபது ஆண்டுகள் அது தெரியாமல் மேடை மேடையாய் வாசித்தானே.

கூட்டத்தை நடத்தியவர் முடித்துவிடப் பார்த்தார். லோதர் கையை நீட்டித் தடுத்தார். மேடையிலிருந்து தானாக இறங்கினார். தாங்கிப் பிடிக்க வந்தவரை விலக்கினார். லுத்மிலாவின் முன் வந்து நின்று, மன்னிப்புக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பிள்ளையின்ரை பெயர் என்ன?"

"கத்யா எண்டு கூப்பிட்டனாங்கள். அது அம்மா வைச்ச பெயர். உண்மையான பெயர் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். எனக்குக்கூடச் சொல்லேல்லை. சின்னப்பிள்ளை, வாய் தவறிச் சொல்லிப்போடுவன் எண்டு பயம்."

தாய்மார்களே, அக்காவின் முன்னுரையில் இந்த இடத்தில்தான் நான் நூலை மூடி வைத்தேன். எழுத்தறியாத ஒரு தாய், தன் வயிற்றில் பிறந்த மகளுக்கே ஒரு பெயரைச் சொல்லாமல் காத்தாள். எழுத்தே உயிரான ஓர் இளைஞன், ஒரு முகத்தை எழுதாமல் இருக்க மாட்டாமல் போனான். அவளுடைய மௌனம் பெரிதா, இவனுடைய வசனம் பெரிதா? அழகாகப் பேசுகிறான் என்று என்னை இந்த மேடைக்கு அழைத்திருக்கிறீர்கள். அடுக்கடுக்காய்ச் சொல்லெடுத்து அவையை மயக்குகிற எனக்கே இன்று என் நாக்கைப் பார்த்தால் அச்சமாக இருக்கிறது.

அதன்பிறகு லோதர் எந்த மேடையிலும் ஏறவில்லை. பெலாரூஸுக்குப் போனார். யூதர்களைச் சுட்ட அந்தப் பக்கத்து நகரத்தில் கதவு கதவாய்த் தட்டி, அந்தப் பிள்ளையின் குடும்பத்தை அறிந்தவர் யாரேனும் உண்டா என்று விசாரித்தார். ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. திரும்பி வந்து, கட்டுரையை எல்லாப் பதிப்பிலிருந்தும் நீக்கச் சொன்னார். மறுத்தவர் யார் தெரியுமா? லுத்மிலா.

"கிழிக்க வேண்டாம். கிழிச்சால் அம்மா இருந்ததும் இல்லாமல் போயிடும். அதுக்கு அடுத்த பக்கத்திலை நான் சொல்லுறதைப் போடுங்கோ."

அப்படித்தான் போட்டார்கள். அவர் எழுதியது ஒரு பக்கம், லுத்மிலா சொன்னது மறுபக்கம். ஒன்றைத் தனியாக அச்சிட எவருக்கும் உரிமை இல்லை. லோதர் சில ஆண்டுகளில் காலமானார். பெயரைத் தேடி முடிக்காமலே காலமானார்.

சபையோரே, நாங்களும் போர் கடந்து வந்தவர்கள். எங்களையும் யாரோ ஒரு வாசலில் ஏற்றினார்கள், யாரோ ஓர் அறையில் ஒளித்தார்கள். அவர்களில் சிலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நன்றி பொங்கும்போது நாங்கள் கைத்தொலைபேசியை எடுக்கிறோம். படம் போடுகிறோம், பாதையைப் போடுகிறோம், பரவசத்தில் வீட்டின் நிறத்தையும் போடுகிறோம். யார் வாசிப்பார்கள் என்று எண்ணினோமா? எங்கள் கண்ணீருக்குக் கிடைக்கும் கைதட்டலை, அங்கே யாருடைய உயிர் தாங்க வேண்டும் என்று எண்ணினோமா? எழுதுங்கள், எழுதாமல் இருக்காதீர்கள். ஆனால் எழுதும் கை ஒருதரம் நடுங்கட்டும். அந்த நடுக்கம் கோழைத்தனம் அல்ல. அது அன்னாவின் பக்கம் நிற்பது.

தவநாயகி அக்கா பல ஆண்டுகள் இந்த மொழிபெயர்ப்பைத் தொடவில்லை. தான் செதுக்கிய வரியைத் தானே பார்க்க ஏலாமல் இருந்தது என்றார். லுத்மிலா இப்போது இதே லண்டனில், வால்தம்ஸ்டோவில் மகனோடு இருக்கிறார், நடமாட முடியாது. அவர் கேட்டுத்தான் அக்கா மீண்டும் பேனாவை எடுத்தார். முதல் பிரதியைப் போன கிழமை அவர் கையில் கொடுத்தபோது, அக்கா துணிந்து கேட்டுவிட்டார்: லோதரை மன்னித்துவிட்டீர்களா?

லுத்மிலா நூலை மூடி மடியில் வைத்தாராம். பிறகு சொன்னாராம்:

"அவர் கெட்டவராய் இருந்திருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். அவர் நல்லவர், பிள்ளை. அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் இருக்கு."

கனத்த கதையைக் கலையாமல் இருந்து கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைப் பார்க்க மறந்த தலைவருக்கும், இந்த நூலைத் தமிழில் சுமந்து வந்த தவநாயகி அக்காவுக்கும் என் நெஞ்சின் நன்றி. வணக்கம்.