செல்விக்கு ஹாப்கிடோ ஆசை

போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் காலை ஜீப்பில், எனக்கு எதிரே இரண்டு பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"மொத மாசம் முழுக்க விழுறதுக்குத்தான் சொல்லித் தருவாங்களாம்க்கா."

"விழுறதுக்கு வகுப்பா? தோட்டத்துச் சரிவுல தெனமும் சும்மாவே விழுறோமே, செல்வி!"

"இது ஹாப்கிடோக்கா. கொரியாக்காரங்க சண்டை. உதைக்கிறது, கையை முறுக்குறது, தூக்கிப் போடுறது எல்லாம் கலந்தது. மக பள்ளிக்கூடத்துல ஞாயித்துக்கிழமை அம்மாமாருக்கும் உண்டாம். போகவா வேணாமான்னு ஒரு வாரமா ரோசனை."

"வீட்டுக்காரரு என்ன சொல்றாரு?"

"இந்த வயசுல எதுக்குன்னு சிரிக்கிறாரு."

"அவரு கெடக்காரு. உனக்கு ஆசையா இருக்கா?"

"ரொம்பக்கா. நேத்து மக ஒண்ணு காட்டுனா. என் கையைப் பிடி, விட்றாத."

மூத்தவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். செல்வி அவளுடைய பெருவிரல் பக்கமாகச் சட்டென்று திருப்ப, கை விடுபட்டு வந்துவிட்டது. மூத்தவள் நம்பாமல் மறுபடியும் பிடித்தாள். மறுபடியும் விடுபட்டது. ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

ஜீப் ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியது. மூத்தவள் செல்வியின் பக்கம் சாய்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நாம எத்தன மணிக்குப் போகணும்? நான் சுடிதாரு வேற எடுக்கணுமே!"