சும்மா இருந்தவனின் பங்கு

அனஸ்ரேசியா: சப்பாத்தை வெளியிலை கழட்டுங்கோ, வின்சென்ற். அரைவாசிக் காடு உங்கடை காலோடை வந்திருக்கு.

வின்சென்ற்: கழட்டுறன்... முதல்லை இந்தப் பையைப் பிடியும். பாரம்.

அனஸ்ரேசியா: என்ன இது?

வின்சென்ற்: திறந்து பாரும்.

அனஸ்ரேசியா: இறைச்சி.

வின்சென்ற்: மான் இறைச்சி. உம்மடை மனுசன் முதன்முதலா வேட்டைக்குப் போய்க் கொண்டுவந்த மான் இறைச்சி.

அனஸ்ரேசியா: நீங்கள் சுட்டதோ?

வின்சென்ற்: பின்னை, கடையிலையோ வாங்கினனான்?

அனஸ்ரேசியா: நான் அதைக் கேக்கேல்லை. நீங்கள் சுட்டதோ?

வின்சென்ற்: ஓம் எண்டுதானே சொல்லுறன்.

அனஸ்ரேசியா: ஓம் எண்டு இப்பதான் சொல்லுறியள்.

வின்சென்ற்: இஞ்சரும், பந்தயத்தை மறந்திடாதையும். மான் விழுந்தா எனக்குச் சொந்தத் துவக்கு. அதைப் பூட்டிவைக்கிற இரும்புப் பெட்டகம் படுக்கையறைச் சுவரிலை. விழாட்டி இந்த வீட்டிலை எனக்குத் துவக்குக் கதையே இல்லை. நீர்தான் சொன்னனீர்.

அனஸ்ரேசியா: சொன்னனான். உயிர் நண்டைச் சட்டியிலை போடவே என்னைக் கூப்பிடுற மனுசனுக்குத் துவக்கு எதுக்கெண்டு யோசிச்சுத்தான் சொன்னனான். இந்தாங்கோ தேத்தண்ணி. குடிச்சுக்கொண்டு சொல்லுங்கோ.

வின்சென்ற்: என்னத்தைச் சொல்ல?

அனஸ்ரேசியா: எப்பிடிச் சுட்டனீங்கள் எண்டு.

வின்சென்ற்: வேலையிடத்து ஸ்வைன் என்னை ஒரு கல்லிலை இருத்தினான். அசையக்கூடாது, இருமக்கூடாது, மூக்கைச் சீறக்கூடாது எண்டு சொல்லிப்போட்டு அங்காலை போயிட்டான். அவன்ரை இரவல் துவக்கு என்ரை மடியிலை. விடியப்பறத்துக் குளிர். மூக்காலை தண்ணி ஓடுது, துடைக்கவும் ஏலாது...

அனஸ்ரேசியா: பாவம்.

வின்சென்ற்: பகிடி விடாதையும். அப்பதான் சருகுச் சத்தம். பாத்தா, கிடாய்மான். கொம்பு இவ்வளவு.

அனஸ்ரேசியா: கையை விரிக்காதையுங்கோ, தேத்தண்ணி கொட்டுது. காத்து எந்தப் பக்கத்தாலை?

வின்சென்ற்: காத்தோ?

அனஸ்ரேசியா: மானிலையிருந்து உங்களுக்கோ, உங்களிலையிருந்து மானுக்கோ?

வின்சென்ற்: ...எனக்கு.

அனஸ்ரேசியா: நல்லது. இல்லாட்டி நான் கட்டித்தந்த மாசிச் சம்பல் மணத்துக்கே அது சுவீடனுக்கு ஓடியிருக்கும். பிறகு?

வின்சென்ற்: பிறகென்ன, சுட்டன்.

அனஸ்ரேசியா: எங்கை பட்டது?

வின்சென்ற்: தலையிலை.

அனஸ்ரேசியா: தலையிலையோ?

வின்சென்ற்: ஏன்?

அனஸ்ரேசியா: முன்காலுக்குப் பின்னாலை, நெஞ்சுக்குத்தான் குறி வைக்க வேணும். தலைக்கு வைச்சா மான் அசைஞ்ச உடனை குறி பிழைச்சு, தாடை உடைஞ்சு ஓடித் துடிக்கும்.

வின்சென்ற்: நெஞ்சிலைதான். தலையைப் பாத்து... நெஞ்சிலை.

அனஸ்ரேசியா: ம்.

வின்சென்ற்: உமக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?

அனஸ்ரேசியா: வேட்டைச் சோதினைக்குப் புத்தகத்தை வைச்சுக்கொண்டு நோர்வே மொழியிலை கேள்வி வாசிச்சுக் காட்டினது ஆர்? நான் வாசிக்க வாசிக்க நீங்கள் குறட்டை விட்டனீங்கள்.

வின்சென்ற்: அது கண்ணை மூடி யோசிச்சது.

அனஸ்ரேசியா: சரி, கொம்பு எங்கை?

வின்சென்ற்: எந்தக் கொம்பு?

அனஸ்ரேசியா: இவ்வளவு எண்டு காட்டின கொம்பு. விழுத்தினவனுக்குத்தானே கொம்பு.

வின்சென்ற்: அது... மறிமான்.

அனஸ்ரேசியா: கிடாய் எண்டனீங்கள்.

வின்சென்ற்: தூரத்திலை கிடாய். கிட்டப் போய்ப் பாத்தா மறி.

அனஸ்ரேசியா: நீங்கள் போறதுக்கிடையிலை கொம்பு உதிர்ந்திட்டுதாக்கும்.

வின்சென்ற்: பனிமூட்டம், அனா. பின்னாலை நிண்ட மரத்துக் கிளை கொம்பு மாதிரித் தெரிஞ்சிருக்கு.

அனஸ்ரேசியா: மறியெண்டே வைப்பம். ஒரு மானை விழுத்தின ஆளுக்கு ஒரு முன்கால் சப்பையும் கொஞ்ச விலா எலும்பும்தானோ?

வின்சென்ற்: இவங்கடை வழக்கம் அப்பிடி. ஆர் சுட்டாலும் இறைச்சி எல்லாருக்கும் சமன். சுட்டவன், நாயோடை போனவன், சும்மா கல்லிலை இருந்தவன்...

அனஸ்ரேசியா: சும்மா கல்லிலை இருந்தவனுக்குமோ?

வின்சென்ற்: ஓம், அவனுக்கும்... நல்ல வழக்கமெல்லோ? கறியை வையுமன், பசிக்குது.

அனஸ்ரேசியா: வைக்கிறன். போட்டோ எங்கை?

வின்சென்ற்: போன் குளிருக்குச் செத்துப்போச்சு.

அனஸ்ரேசியா: ஸ்வைன் புதுசா டிஜிட்டல் கமெரா வாங்கினவன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.

வின்சென்ற்: அவன் தூரத்திலை நிண்டவன்.

அனஸ்ரேசியா: எழும்புங்கோ.

வின்சென்ற்: ஏன்?

அனஸ்ரேசியா: இந்தாங்கோ தும்புத்தடி. இதுதான் துவக்கு. நான்தான் மான். செய்து காட்டுங்கோ.

வின்சென்ற்: உமக்கென்ன விசரோ?

அனஸ்ரேசியா: மான் பாத்துக்கொண்டு நிக்குது.

வின்சென்ற்: ...சரி. நான் இப்பிடி இருக்கிறன். நீர் குளிர்பெட்டிக்குப் பக்கத்திலை நில்லும். ஆ, அங்கைதான். துவக்கை மெல்லத் தூக்குறன். தோளிலை அணைக்கிறன். பிதா, சுதன்...

அனஸ்ரேசியா: நில்லுங்கோ.

வின்சென்ற்: என்ன?

அனஸ்ரேசியா: இப்ப வலக்கையாலை என்ன செய்தனீங்கள்?

வின்சென்ற்: சிலுவை போட்டனான். கார் எடுக்கேக்கையும் போடுறனான்தானே. முதல் வெடி, ஆண்டவரை நினைக்காமல் வைக்கிறதோ?

அனஸ்ரேசியா: துவக்கைத் தூக்கின பிறகோ?

வின்சென்ற்: ...ஓம்.

அனஸ்ரேசியா: மான் பாத்துக்கொண்டு நிக்கேக்கையோ?

வின்சென்ற்: பிதா எண்டு நெத்தியிலை கை வைச்சன், அது தலையை நிமித்திச்சுது. சுதன் எண்டு நெஞ்சிலை வைச்சன், காதைத் திருப்பிச்சுது. பரிசுத்த ஆவிக்குக் கை தோளுக்குப் போகேக்கை... அங்கை ஒண்டுமில்லை. வெறும் மரம். சிரிக்காதையும்.

அனஸ்ரேசியா: சிரிக்கேல்லை... இருமுறன்.

வின்சென்ற்: ஸ்வைன் அங்காலையிருந்து என்ரை கையைப் பாத்திருக்கிறான். ஒக்டோபரிலை நுளம்போ எண்டு கேட்டான்.

அனஸ்ரேசியா: என்ன சொன்னனீங்கள்?

வின்சென்ற்: ஓம், பெரிய நுளம்பெண்டு சொன்னனான்.

அனஸ்ரேசியா: மாதாவே... அப்ப இந்த இறைச்சி?

வின்சென்ற்: பின்னேரம் அவன்ரை மச்சான் ஒண்டை விழுத்தினவன். இது என்ரை பங்கு.

அனஸ்ரேசியா: கல்லிலை இருந்தவன்ரை பங்கு.

வின்சென்ற்: ஓம்.

அனஸ்ரேசியா: அப்ப பந்தயம் முடிஞ்சுது. உங்களுக்குத் துவக்கு இல்லை.

வின்சென்ற்: அனா, கொஞ்சம் கேளும்...

அனஸ்ரேசியா: பொய்யும் சொல்லிப்போட்டு...

வின்சென்ற்: கேளும். ஸ்வைனோடை அந்தக் கிடங்கிலை எத்தினை வருசமா வேலை செய்யிறன். சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே மேசை. நான் வணக்கத்துக்கு மொர்ண் எண்டுவன். அவங்களும் மொர்ண் எண்டுவாங்கள். அதோடை கதை முடிஞ்சுது. இலையுதிர் காலம் வந்தா அவங்கள் மானைப் பற்றிக் கதைப்பாங்கள், நான் என்ரை பாணைப் பாத்துக்கொண்டிருப்பன். நேற்றுக் காட்டிலை நெருப்பு மூட்டி இருந்தவங்கள். நான் பின்னாலை நிண்டனான். ஸ்வைன் ஒண்டும் கதைக்கேல்லை, கொஞ்சம் அரக்கி எனக்கு இடம் விட்டான். கோப்பியை நீட்டினான்.

அனஸ்ரேசியா: குடிச்சனீங்களோ? பால் இல்லாட்டி குடிக்கமாட்டியளே.

வின்சென்ற்: குடிச்சனான். கச்சல். ஆனாலும் குடிச்சனான்... அடுத்த வருசம் அவன்ரை மகன் ஆமியாலை வந்திடுவான். இரவல் துவக்கு அவனுக்கு. கையிலை துவக்கு இல்லாதவனை ஆர் கூட்டிக்கொண்டு போகப்போறான்?

அனஸ்ரேசியா: உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்குத் துவக்கு வேணுமோ, நெருப்புக்குப் பக்கத்திலை அந்த இடம் வேணுமோ?

வின்சென்ற்: ...துவக்கு பாரம், அனா. தோளெல்லாம் நோகுது. அது ஓடினாப் பிறகு, நல்லகாலம் எண்டுதான் மனசுக்குள்ளை... இதை ஸ்வைனுக்குச் சொல்லிப்போடாதையும்.

அனஸ்ரேசியா: சொல்லமாட்டன். படுக்கையறைச் சுவரைப் பாத்தனீங்களோ?

வின்சென்ற்: இப்பதானே வந்தனான். ஏன்?

அனஸ்ரேசியா: பெட்டகத்துக்கு அளவெடுத்துப் பென்சிலாலை கீறி வைச்சிருக்கிறன். வாற கிழமை கொண்டுவந்து பூட்டுவாங்கள்.

வின்சென்ற்: பெட்டகமோ? எனக்குத் துவக்கு இல்லையெண்டு இப்பதானே சொன்னனீர்.

அனஸ்ரேசியா: ஓம், உங்களுக்கு இல்லை.

வின்சென்ற்: அப்ப ஆருக்கு?

அனஸ்ரேசியா: உங்களுக்கு வாசிச்ச கேள்வியெல்லாம் எனக்குப் பாடமாப் போச்சு, வீணாக்குவானேன்? கோயில் பாட்டுப் பயிற்சி எண்டு சொல்லி நான் போனது வேட்டை வகுப்புக்கு. சோதினையும் பாஸ், சூட்டுப் பரீட்சையும் பாஸ். எங்கடை இந்தப் புருசெத்திலை எந்த ஜன்னலைத் திறந்தாலும் அந்தக் காடுதான் தெரியுது, அது உங்களுக்கு மட்டும் சொந்தமோ? ஸ்வைன்ரை மனுசியோடை எல்லாம் கதைச்சாச்சு, அடுத்த வருசம் கல்லிலை இருக்கப்போறது நான். நாயோடை போக ஒரு ஆள் வேணுமாம்... உங்களைச் சொல்லி வைச்சிருக்கிறன்.