தையல் வகுப்பில் தூக்கம்

றொசல்லயில் ரயில் நின்றபோது எதிரே இருந்த இளம்பெண், பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள்: "நேத்து எத்தனை பேர் தூங்கினாங்க அக்கா?"

நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

"எல்லாருந்தான்."

இருவரும் ஒரே பெண்கள் பள்ளியின் பழைய மாணவிகள். தேயிலைத் தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில், மூத்தவர் ஞாயிறுதோறும் தோட்டத்துப் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துகிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஒருத்திகூட ஊசிய தொடலையா?"

"வாரம் பூரா மலையில கொழுந்து எடுக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை விறகு, துணி துவைக்கிறது. வகுப்புன்னு சொன்னாத்தான் வீட்டுல விடுறாங்க. வந்து உக்காந்ததும் கண்ணு சொக்குது. நான் எழுப்புறதில்ல."

"அப்ப அவங்க கொண்டுபோற பிள்ளைச் சட்டையெல்லாம்?"

"நான் தைக்கிறதுதான். வெறுங்கையோட போனா வீட்டுல கேப்பாங்கல்ல?"

"நேத்து நம்ம ஸ்கூல் தையல் மிஸ் வகுப்பப் பாக்க வர்றதா இருந்துச்சே?"

"வந்தாங்க."

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! தையல் பாடத்துல கண்ண மூடினதுக்கு என்னைய வெளிய நிக்க வச்சவங்களாச்சே! வகுப்ப நிப்பாட்டச் சொல்லிட்டாங்களா?"

"இல்ல. கொஞ்ச நேரம் வாசல்ல நின்னு பாத்தாங்க. அப்புறம் சத்தம் கேக்கும்னு சப்பாத்தக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, வெறுங்காலோட உள்ள வந்தாங்க. என் பக்கத்துல உக்காந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்க ஆரம்பிச்சாங்க."