‘ஹேங் அப்’ சொல்லித் தந்த சந்திரம்மாள் அம்மையாருக்கு

1983 அக்டோபர் 31, திங்கட்கிழமை. தில்லியில் எங்கள் டிரங்க் தொலைபேசி நிலையத்தில், தென்னாட்டு அழைப்புகளை இணைக்கும் தெற்குப் பலகையின் மேற்பார்வையாளர் திருமதி சந்திரம்மாள் மாசிலாமணி இன்று மாலை பணி ஓய்வு பெறுகிறார்.

மதுரையையும் தில்லி மோதி பாக்கையும் குரலால் இணைத்த மூத்தவரே! கண்டிப்பும் கனிவும் ஒரே நாற்காலியில் அமர முடியும் என்று காட்டிய எங்கள் அக்கா!

மகிழ்ச்சியாக எழுதவேண்டிய மடல் இது. எங்களால் இயலவில்லை. தங்கள் பணிப்பதிவில் ஏழு ஆண்டுகளாக ஒரு கண்டனக் குறிப்பு இருக்கிறது. அதனால் தலைமை மேற்பார்வையாளர் பதவி தங்களுக்கு வரவில்லை. ஓய்வுக்கு முன் அந்தக் குறிப்பை நீக்கும்படி இவ்வாண்டு மேல்முறையீடு செய்தீர்கள். அது நீங்கித் தாங்கள் விடைபெற வேண்டும் என்பதே எங்கள் அனைவரின் விருப்பமாக இருந்தது.

அகராதியும் கையுமாக அலைந்த ஆசானே! தாங்கள் வருவதைக் கண்டதும், “டிக்‌ஷனரி வருதுடி, ஜல்தி ஹெட்செட்டை மாட்டு” என்று எங்களில் ஒருவரான வத்சலா கிசுகிசுப்பார். அது தங்கள் காதிலும் விழும். “டிக்‌ஷனரிக்குக் காது உண்டு, ஏட்டி” என்று சொல்லிவிட்டு நகர்வீர்கள்.

பயிற்சிக்கு வந்த ஒவ்வொருத்திக்கும் முதல் நாள் தாங்கள் விளக்கிய சொல் ‘ஹேங் அப்’. பழைய தொலைபேசி சுவரில் இருந்தது. காதில் வைக்கும் குழலைப் பேசி முடித்ததும் கொக்கியில் தொங்கவிட்டார்கள். கருவி மேசைக்கு இறங்கி வந்த பிறகும் சொல் மட்டும் சுவரிலேயே நின்றுவிட்டது என்பீர்கள். அதற்கும் முன்பே, போரை விட்ட சிப்பாய் வாளைச் சுவரில் மாட்டுவதை ஆங்கிலேயர் அப்படிச் சொன்னார்கள். முடிவு சொல்லாமல் கிடப்பில் போட்ட காரியத்துக்கும் அதே சொல். “இங்கிலீஷ்காரன் தொங்க விட்டுட்டுப் போயிருவான். நம்ம ஆளு ‘வச்சிரட்டுமா’ன்னு கேப்பான். அந்தப் பக்கம் ‘சரி, வை’ன்னு சொன்ன பெறவுதான் வைப்பான். அதுவரைக்கும் பிளக்கை உருவாதீங்க” என்று முடிப்பீர்கள்.

இந்தத் தொழிலை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இணைப்பில் பேச்சு நின்றால் ஆபரேட்டர் “ஃபினிஷ்ட்?” என்று இருமுறை கேட்டுவிட்டு, பலகையிலிருந்து பிளக்கை எடுத்து இணைப்பைத் துண்டித்துவிடலாம். விதி அதுதான். ஆனால் ஊரிலிருந்து வரும் டிரங்க் காலில் பாதி சாவுச் செய்தி. அழுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வாய் வராது. பேச்சு முடிந்தது என்று நினைத்து, அழுது கொண்டிருந்தவர்களின் இணைப்பை நாங்கள் எத்தனையோ முறை அறுத்திருக்கிறோம். “அழுகதும் பேச்சுதாம்ட்டி” என்று அதைத் தடுத்தவர் தாங்கள்.

1976 கோடையில், நெருக்கடி நிலைக் காலத்தில், மதுரை லைனில் இருந்தவர் வைதேஹி. தகுதிகாண் பருவம் முடியாதவர். தில்லி கிட்வாய் நகரில் அரசு குமாஸ்தாவாக இருந்த மாணிக்கவாசகத்தை ஊரிலிருந்து தங்கை அழைத்து, தாயார் இறந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு இருபுறமும் சொல் இல்லை, விசும்பல் மட்டும். வைதேஹி பிளக்கை எடுக்கவில்லை. அதே லைனுக்காக ஓர் உயர் அதிகாரி காத்திருந்தார். மறுநாள் அவருடைய புகார் வந்தது.

விசாரணையில், “லைன் காலி தீ, ஹை நா?” என்று வைதேஹியைக் கேட்டார்கள். காலியாக இருந்தது என்று ஒப்புக்கொண்டால் அவருடைய வேலை அன்றோடு போயிருக்கும். அழைக்காமலே உள்ளே நுழைந்தீர்கள். “ஹுகும் மேரா தா, சாப். லட்கி கா நஹி” என்றீர்கள். உத்தரவு என்னுடையது, பெண்ணுடையது அல்ல. வேறு விளக்கம் தரவில்லை. மாணிக்கவாசகம் தாமாகவே வந்து சாட்சி சொல்ல வாசலில் நின்றார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

வைதேஹி தப்பினார். குறிப்பு தங்கள் பெயரில் ஏறியது. தங்களிடம் பயிற்சி பெற்றவர்கள் தலைமை மேற்பார்வையாளர்களாகித் தங்களுக்கே ஆணையிட்டபோது, எழுந்து நின்று ‘யெஸ் மேடம்’ என்றீர்கள். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் கூசியது. ஒருநாள் வைதேஹி தங்கள் முன் அழுதபோது, “நீ ஒண்ணும் பேசாத. போர்டுல லைட் எரியுது, யாரோ கூப்பிடுதாங்க பாரு” என்றீர்கள்.

இணைப்பு காத்த இனியவரே! இனி எந்த மணியும் தங்களை அவசரப்படுத்தாதிருக்கட்டும். முதுகு வலியும் காது இரைச்சலும் மெல்ல விலகட்டும். மாசிலாமணி ஐயாவுடன் கரோல் பாக் வீட்டில் பகல் தூக்கம் பழகி, நெடுநாள் நலமாக இருங்கள்.

மேல்முறையீட்டுக்கு வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அது நிராகரிக்கப்பட்டது.

இங்ஙனம்,
வைதேஹி, வத்சலா, பொன்னி
மற்றும் தெற்குப் பலகை ஊழியர்கள்