கதையில்லாத படம்

இல்ல தம்பி, கோவிச்சிக்காத. படம் நல்லா இல்லன்னு நான் சொல்லல. இன்னிக்கு ராத்திரி போட வேணாம்னுதான் சொல்றேன். மொதல்ல அந்தக் கதவ சாத்து. எங்க வூட்டுக்காரரு காதுல வுழப்போவுது.

அவருக்கு இன்னா, நம்ம கரும்புக் கொல்லை சினிமாவுல வருதுன்னு ஒதியம்பட்டு பூராவும் சொல்லி வெச்சிட்டாரு. களத்துல படம் வுழறதுக்கு வெள்ள வேட்டி கட்டியாச்சு. எம்மொவன் கண்ணையன் இப்பவே முன்னாடி பாய் போட்டு எடம் புடிச்சிட்டான்.

நேத்து இந்தச் செவுத்துல ஓட்டிப் பாத்தியே, காபி எடுத்துக்கினு வந்தப்ப நானும் நின்னு பாத்தேன். பாட்டு இல்ல, சண்டை இல்ல. காத்துல கரும்பு ஆடுது, வாய்க்கால்ல தண்ணி போவுது, அவ்ளோதான். இது வேற மாதிரி சினிமா, கதைக்கு அடிமையா இருக்கக் கூடாதுன்னு சொன்ன. சரி, நீ படிச்ச புள்ள. ஆனா கதைன்னு ஒண்ணு இருந்தா சனங்க அதப் பாத்துக்கினு போயிடும். ஒண்ணுமே இல்லாட்டி மூலை முடுக்கெல்லாம் கண்ணு போவும். எனக்கே போச்சே.

ஆமா, மோட்டார் கொட்டாய் பக்கத்துல நிக்கற அந்த ரெண்டு பேருதான். நீயும் பாத்தியா? அவுங்கதான் படத்துக்கே உசுரா? ஐயோ, அப்பிடிச் சொல்லாத.

படம் புடிக்கிற அன்னிக்கு ஒருத்தரும் கொல்லைப் பக்கம் போவக் கூடாதுன்னு எங்க வூட்டுக்காரரு ஊருக்கே சொன்னாரு. நீயும் கரும்புக்குள்ள படம் புடிக்கிற மிசின ஓடவுட்டுட்டு டீ குடிக்கப் போயிட்ட. இன்னிக்கு ஆளு நடமாட்டமே இருக்காதுன்னு நெனச்சித்தான் அதுங்க வந்துருக்குதுங்க.

அந்தக் கட்டம் போட்ட தாவணி வில்லியனூர் தேருக்கு நான் எடுத்துக் குடுத்தது. எம்பொண்ணு வசந்தா தம்பி அது. கூட நிக்கறவன் நம்ம மோட்டாரப் பாத்துக்கற மரியதாசு. நல்ல புள்ளதான், ஆனா சேரி. கண்ணையன் பாத்தான்னா ரெண்டு பேரையும் விடியறவரைக்கும் உசுரோட வெக்க மாட்டான்.

இன்னா? ஒரே ஓட்டமா ஓடுற படம், நடுவுல வெட்டுனா போச்சா? போனா போவுது தம்பி, இன்னொண்ணு எடுத்துக்க.

மத்தியானம் நீ தூங்கறப்ப நானே கத்திரிக்கோல எடுத்துக்கினு வந்து பிலிம் சுருள் வெச்ச பொட்டியத் தொறந்துட்டேன். வெளிச்சத்துல புடிச்சிப் பாத்தா எல்லாத்துலயும் கரும்புதான் தெரியுது. எம்பொண்ணு எதுல இருக்கான்னு மட்டும் காட்டு. நான் வெட்டிக்கறேன்.