பாலத்தைத் தாண்டி ஒரு மர நிழல்

கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம் சார், தங்கை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். நாற்காலியை இழுக்காமல் தூக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் கால் ஒன்று தரையைக் கீறும். சரி செய்ய வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

காரில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி, ஸ்டேஷனில் ஆள் வைத்துப் படித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அதில் எண்கள்தான் இருக்கும், காரணம் இருக்காது. காரணத்தை நான்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கார் எங்கள் அப்பாவுடையது. எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. அப்பா போகும்போது அதைத் தங்கைக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். மெக்கானிக் நான், கார் அவளுக்கு. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உயிரோடு இருந்தபோதும் அவளைத்தான் முன் சீட்டில் உட்கார வைப்பார்.

அவளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். நாற்பதைத் தாண்டிய பாப்பா. பல் செட் செய்கிற வேலை அவளுக்கு. இந்த ஊரில் பாதிப் பேர் சிரிப்பது உன் புண்ணியத்தில்தான் என்று கேலி செய்வேன். மயிரிழை வித்தியாசத்தையும் கண்ணாலேயே பிடித்துவிடுவாள். கணவர் இறந்த பிறகு ஒரு சூட்கேஸோடு என் வீட்டுக்கு வந்தவள், மறுநாளே சமையலறை அலமாரியைத் தலைகீழாக மாற்றி அடுக்கிவிட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை முடிந்து திரும்பும்போது வீட்டில் விளக்கு எரிவது எவ்வளவு சுகம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், அந்த வருடங்களில்தான் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரிலிருந்து ஒரு பல் டாக்டர் அவளைக் கூப்பிட்டார். பல் செட் செய்ய உங்களுக்கென்று தனியாக ஒரு கூடம் போட்டுத் தருகிறேன், மாடியிலேயே வீடும் இருக்கிறது என்றார். பாப்பாவுக்கு முகமெல்லாம் பல். பஸ்ஸில் போக அவளால் முடியாது. வளைவுகளில் குடலைப் புரட்டும், சின்ன வயதிலிருந்தே அப்படி. தானே ஓட்டினால் ஒன்றும் செய்யாது.

"அண்ணா, அப்பா கார் ஏத்தத்துல மூச்சு வாங்குது. அதை மட்டும் சரி பண்ணிக் குடு. அப்புறம் நான் பாட்டுக்குப் போய்க்குவேன்" என்றாள்.

எவ்வளவு லேசாகச் சொன்னாள் பாருங்கள்.

அந்தக் காரில் இருந்தது கார்புரேட்டர். கால் அழுத்தினால் காற்று உள்ளே போகும், காற்று பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். நடுவில் யாரும் கிடையாது. அதைக் கழற்றிவிட்டு இன்ஜெக்‌ஷன் போட்டேன். டேங்குக்குப் புது பம்ப், அழுத்தம் தாங்கும் குழாய்கள், சிலிண்டருக்கு ஒன்றாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சின்னப் பெட்டி. எப்போது, எவ்வளவு பெட்ரோல் என்பதை இனி பெட்டிதான் முடிவு செய்யும். பெட்டிக்கு என் லேப்டாப் சொல்லும். நல்ல வேலை சார் அது, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. முதல் தடவை சாவியைத் திருப்பியபோது ஒரு தும்மல்கூட இல்லாமல் எடுத்தது. பாப்பா கை தட்டினாள். நானும் சிரித்தேன்.

அன்று மாலை பெட்டியில் ஒரு வரி சேர்த்தேன். நிற்காமல் இவ்வளவு தூரம் ஓடினால் பெட்ரோலை நிறுத்திவிடு, என் லேப்டாப்பை மாட்டும்வரை விடாதே. அவ்வளவுதான். மலைக்குப் போகும் வழியில், பாலத்தைத் தாண்டியதும் சாலை அகலமாகிற இடத்தில் ஓரமாக ஒரு மர நிழல் இருக்கிறது. அங்கே நிற்கும்படி அளந்து வைத்தேன். பாதுகாப்பைப் பற்றி யோசிக்காதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

அங்கே போய் நிற்கும். எனக்கு போன் வரும். நான் பைக்கில் போய் பானட்டைத் திறந்து, லேப்டாப்பை மாட்டி, கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பேன். வண்டி எடுக்கும். பாப்பா என் பைக்குக்குப் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"உன் கைக்குத்தான் அண்ணா இது அடங்குது. எனக்கும் இதுக்கும் ஆகவே ஆகாது போல."

"விடு பாப்பா. பழைய வண்டி. இன்னும் கொஞ்சம் பார்க்கணும்."

இப்படிப் பல தடவை. வேறொரு மெக்கானிக்கிடமும் காட்டினாள். பெட்டிக்கு நான் பாஸ்வேர்டு போட்டிருந்ததால் அவர் கையை விரித்துவிட்டார். பல் டாக்டர் பொறுமைசாலி, இடத்தை வைத்திருந்தார். பாப்பாதான் மாறிக்கொண்டே வந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெறுமனே உட்கார்ந்திருப்பாள். தன் கால் அழுத்துவதில்தான் கோளாறோ என்று ஒரு நாள் என்னிடமே கேட்டாள். இருக்கலாம் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆனால் மயிரிழை பிடிக்கிற கண் அல்லவா. ஒரு நாள் தண்ணீர் வாங்க வழியில் வண்டியை அணைத்திருக்கிறாள். திரும்ப எடுத்தபோது மர நிழலைத் தாண்டி ஓடிவிட்டது. அணைத்தால் தூரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த ஓட்டையை நான் கவனிக்கவில்லை.

"அண்ணா, கண்டுபிடிச்சிட்டேன். இன்ஜின் சூடாகுது, அதான் விஷயம். நடுவுல அங்கங்க ஆஃப் பண்ணிப் போட்டா நிக்கவே மாட்டேங்குது. இப்படியே மலை ஏறிடலாம். நாளைக்கே கிளம்புறேன்."

என் மேல் துளிகூடச் சந்தேகம் இல்லை. சாப்பிடும்போது, எனக்குச் சமைக்க யாரை வைக்கலாம் என்று பேச ஆரம்பித்தாள்.

அவள் துணி அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஷெட்டுக்குப் போய் அந்த வரியைத் திருத்தினேன். வண்டியை அணைத்தாலும் ஓடிய தூரம் கணக்கிலிருந்து அழியக் கூடாது. சின்ன மாற்றம்தான். காலையில் அவள் பெட்ரோல் போட எதிர்த்திசையில் கடைத்தெருவரை போய்விட்டு வந்து, என்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். அந்தத் தூரமும் கணக்கில் சேர்ந்துவிட்டது. அப்படியானால் மர நிழலுக்கு முன்னாலேயே நிற்கும். முன்னால் இருப்பது பாலம். லாரிகள் போகிற, ஒதுங்க இடமில்லாத பாலம். வாசலில் நின்று கையசைக்கும்போது இதெல்லாம் எனக்குத் தோன்றியது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு தடவை நன்றாகப் பயந்துவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள் என்றும் தோன்றியது.

"அண்ணா, பாலத்து நடுவுல நின்னுடுச்சு. பின்னாடி லாரிங்க வேகமா வருது. இறங்கி ஓரமா போயிடட்டுமா?"

"வேண்டாம் பாப்பா. உள்ளேயே உக்காரு. அண்ணா வர்றேன்."

என் பேச்சை அவள் தட்டியதே இல்லை. நான் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, ஷெட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. லாரி டிரைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மேல் தப்பு இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. உதவிக்கு ஒரு அம்மா வருகிறார், மற்றதெல்லாம் நான்தான். தலை வாரிவிடக்கூடக் கற்றுக்கொண்டேன். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன் அண்ணா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆமாம், செய்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அந்தப் பல் டாக்டர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். உட்கார்ந்து செய்கிற வேலைதானே, கீழ்த்தளத்திலேயே வீடு தருகிறேன் என்கிறார். நல்ல மனிதர். பாப்பாவின் போன் என்னிடம்தான் இருக்கிறது. அவள் உடம்பு கொஞ்சம் தேறட்டும், சொல்லிக்கொள்ளலாம்.

சக்கர நாற்காலி வந்துவிட்டது. வாசல் படிகளில் இறங்கச் சாய்வுப் பலகை ஒன்று செய்து தரச் சொல்லியிருக்கிறாள். அளவெல்லாம் எடுத்துவிட்டேன் சார், மரம்தான் இன்னும் மனசுக்குப் பிடித்த மாதிரி அமையவில்லை. மற்றபடி நீங்களே கதவைப் பாருங்கள், பகலெல்லாம் திறந்தேதான் கிடக்கிறது. நான் யாரையும் பூட்டி வைக்கவில்லை.